பகிர்வு வலையமைப்பு வரைபடங்களின் ஒத்திசைவு

பகிர்வு வலையமைப்பு வரைபடங்களின் ஒத்திசைவு என்பது, ஒரு வலையமைப்பைக் காட்டும் வரைபடத்தைப் பலர் பல இடங்களிலிருந்து பார்க்கவும் திருத்தவும் நேரும்போது, அவர்களிடம் உள்ள படிகள் ஒன்றுக்கொன்று மாறுபடாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். பாசன வாய்க்கால், குடிநீர்க் குழாய், மின்கம்பி, கண்ணாடி இழை வடம், கணினி வலையமைப்பு ஆகிய அனைத்தும் இத்தகைய வரைபடங்களைக் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. பின்னர் அவற்றைக் கொண்டே பராமரிக்கப்படுகின்றன.

ஒத்திசைவு என்றால் கோப்பை எல்லோருக்கும் படியெடுத்து அனுப்புவது என்று பலர் எண்ணுவர். படியெடுப்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. எந்தப் படி மூலம், அதில் யார் எதை எப்போது ஏன் மாற்றினார், தனித்தனியே சரியான இரண்டு மாற்றங்கள் சேர்ந்த பிறகும் வலையமைப்பு சரியாக உள்ளதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருந்தால்தான் அது முழுமையான ஒத்திசைவு ஆகும்.

வலையமைப்பு வரைபடத்தின் இயல்பு

வலையமைப்பு வரைபடத்தில் இரண்டு வகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று கணு, மற்றொன்று கணுக்களைச் சேர்க்கும் இணைப்பு. கணினி வலையமைப்பில் திசைவியும் சுவிட்சும் கணுக்கள், அவற்றை இணைக்கும் வடம் இணைப்பு. பாசன அமைப்பில் அணை, நீரொழுங்கி, மதகு ஆகியவை கணுக்கள். ஆறும் வாய்க்காலும் இணைப்புகள்.

காவிரிப் படுகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்குப் பகிர்ந்து விடப்படுகிறது. மிகைநீர் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு என வழங்கும் இடத்தில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. திருவாரூர் மாவட்டத்தின் கூத்தாநல்லூர் வட்டாரம் இந்த வெண்ணாற்றுப் பாசன அமைப்பைச் சேர்ந்தது. ஆற்றிலிருந்து நேரே பிரியும் வாய்க்காலை 'ஏ' வாய்க்கால் என்றும், அதிலிருந்து பிரிவதை 'பி' வாய்க்கால் என்றும், அடுத்தடுத்துப் பிரிபவற்றை 'சி', 'டி' வாய்க்கால்கள் என்றும் வகைப்படுத்துவர்.

இப்படிப்பட்ட படத்தில் ஒரு கோடு எங்கே இருக்கிறது என்பதைவிட, அது எதிலிருந்து தொடங்கி எதில் சேர்கிறது என்பதே முதன்மையானது. கோடு சற்று வளைந்து வரையப்பட்டிருந்தால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் தலைப்பு மதகுடன் அதற்குள்ள தொடர்பு விடுபட்டால், படத்தின்படி அந்த வாய்க்காலுக்குத் தண்ணீரே இல்லை. சாதாரணப் படத்தைப் பகிர்வதற்கும் வலையமைப்புப் படத்தைப் பகிர்வதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

இணைப்பின் திசையும் கவனிக்கத்தக்கது. படுகையின் கீழ்ப்பகுதியில் மேலே உள்ள ஊருக்கு வடிகாலாக இருக்கும் வாய்க்கால், கீழே உள்ள ஊருக்குப் பாசன வாய்க்காலாக இருப்பதுண்டு. வடிகால் படத்தை ஒருவரும் பாசனப் படத்தை மற்றொருவரும் தனித்தனியே பராமரித்தால், ஒரே வாய்க்கால் இரண்டு பெயர்களில் இரண்டு பொருள்களாகப் பதிவாகிவிடும். ஒன்றைத் தூர்வாரி ஆழப்படுத்தியது மற்றொன்றில் தெரியாது.

மாறுபாடு தோன்றும் விதங்கள்

பகிர்வு வரைபடத்தில் தோன்றும் மாறுபாடுகளை மூன்றாக வகுக்கலாம்.

1. தொலைந்த திருத்தம். ஒரே படத்தை இருவர் காலையில் திறக்கின்றனர் எனக் கொள்வோம். முதலாமவர் ஒரு மதகைச் சேர்த்து நண்பகலில் சேமிக்கிறார். இரண்டாமவரிடம் இருப்பது காலைப் படி. அவர் வேறொரு வாய்க்காலின் அகலத்தைத் திருத்தி மாலையில் சேமிக்கிறார். அவருடைய கோப்பு முதலாமவரின் கோப்பின்மேல் எழுதப்படுவதால் புதிய மதகு மறைந்துவிடுகிறது. இருவரும் தவறு செய்யவில்லை, எச்சரிக்கையும் தோன்றவில்லை.

2. பழைய படி. மூலப்படம் திருத்தப்பட்டுவிட்டது, ஆனால் களத்தில் இருப்பவர் கையில் சென்ற ஆண்டு அச்சிட்ட தாள் உள்ளது. தாளில் தேதி இல்லாவிட்டால் அது பழையது என்று அறிய வழியில்லை.

3. கூட்டுப் பிழை. இருவர் செய்த மாற்றங்கள் தனித்தனியே சரியானவை. இரண்டும் சேர்ந்தால் தவறானவை. ஒரு வாய்க்காலில் வினாடிக்கு 8 கன அடி நீர் கூடுதலாகச் செல்ல இடம் உண்டு எனக் கொள்வோம். ஒரு பொறியாளர் 5 கன அடிக்கு ஒரு கிளையை வடிவமைக்கிறார். வேறொரு பிரிவில் உள்ளவர் அதே நாளில் 5 கன அடிக்கு மற்றொரு கிளையை வடிவமைக்கிறார். இருவரின் கணக்கும் சரியே. ஆனால் 10 கன அடிக்கு அங்கே இடமில்லை. இக்குறை படத்தில் தெரியாது. கடைமடை வயலில்தான் தெரியும்.

முதல் இரண்டு வகைகளை மென்பொருள் பெருமளவு தடுத்துவிடுகிறது. மூன்றாவது வகைக்கு மென்பொருளோடு விதிகளும் மனிதரின் சரிபார்ப்பும் தேவைப்படுகின்றன.

காகிதக் காலத்தில் ஒத்திசைவு

இச்சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. தமிழ்நாட்டின் நில அளவை ஆவணங்கள் நெடுங்காலமாக இதனை எதிர்கொண்டு வந்துள்ளன.

ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் கிராம வரைபடம் உண்டு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனியே ஒரு புலப்படம் உண்டு. இப்படங்களின் தொகுப்பைப் புலப்பட நூல் என்பர். பேச்சு வழக்கில் எஃப்.எம்.பி. என்றே சொல்வர். புலத்தின் பரப்பு, வகைப்பாடு, உடைமையாளர் ஆகிய விவரங்கள் 'அ' பதிவேட்டில் இருக்கும். இவற்றின் படிகள் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்ட அலுவலகத்திலும் மாவட்ட நில அளவை அலுவலகத்திலும் வைக்கப்பட்டன.

நிலம் பாகம் பிரியும்போது உட்பிரிவு செய்யப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 45/2 என்ற புலம் 45/2ஏ, 45/2பி என இரண்டாகும். அளவர் களத்தில் அளந்து தயாரிக்கும் உட்பிரிவு ஆவணம் ஒப்புதல் பெற்ற பின்னரே பதிவேடுகளில் ஏற்றப்படும். மாற்றம் எல்லாப் படிகளிலும் ஏறினால்தான் வேலை முடிந்ததாகும். ஒரு படியில் ஏறி மற்றொன்றில் ஏறாவிட்டால் ஒரே நிலத்துக்கு இரண்டு உண்மைகள் உருவாகும். வரப்புத் தகராறு ஒன்று நீதிமன்றத்துக்குப் போகும்போது இரு தரப்பினரும் ஆளுக்கொரு அரசுப் படியைக் காட்டக்கூடிய நிலை அப்படித்தான் ஏற்படும்.

புலப்படத்தில் ஒரு சிறந்த கூறு உள்ளது. அது வெறும் உருவத்தை மட்டும் தருவதில்லை. அளவுகளையும் எண்களாகத் தருகிறது. அடிக்கோட்டின் மீது எத்தனை தொலைவில், எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி எல்லைப் புள்ளி உள்ளது என்பது எழுதப்பட்டிருக்கும். பழைய படங்களில் இந்த அளவுகள் குண்டர் சங்கிலியின் கண்ணிகளில் உள்ளன. 100 கண்ணிகள் கொண்ட அச்சங்கிலியின் நீளம் 66 அடி. தாள் சுருங்கினாலும் கிழிந்தாலும் எண்கள் தெரிந்தால் படத்தை மீண்டும் வரையலாம். உருவத்தைப் பகிர்வதைவிட, உருவம் பிறக்கும் தரவைப் பகிர்வதே நம்பத்தக்கது என்ற இன்றைய கொள்கை அந்தத் தாளிலேயே இருந்தது.

நிர்வாக எல்லைகள் மாறும்போதும் ஆவணங்கள் பிரிகின்றன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 1997இல் திருவாரூர் மாவட்டமும் 2020இல் மயிலாடுதுறை மாவட்டமும் பிரிந்தன. ஆறுகள் இந்த எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை. ஒரே ஆற்றின் தலைப்பு ஒரு மாவட்டத்திலும் கடைமடை இன்னொரு மாவட்டத்திலும் இருக்க, படங்கள் மட்டும் அலுவலகங்களுக்கேற்பப் பகுக்கப்படுகின்றன. எல்லையில் இரு படங்களும் சந்திக்கும் இடமே மாறுபாடு எளிதில் நுழையும் இடமாகும்.

பொதுவான அடித்தளம்

இரண்டு படங்களை ஒத்திசைக்க வேண்டுமானால், அவை ஒரே இடத்தை ஒரே ஆயத்தொலைவுகளால் குறிக்க வேண்டும். இந்தியாவில் இதற்கான பெரும்பணியை 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கினார். பின்னாளில் இது பெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. 1808இல் அவருடைய பெரிய தியோடலைட் கருவி தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றப்பட்டபோது மோதிச் சேதமடைந்தது. தட்டையான படுகையில் தொலைவிலிருந்து பார்க்கத்தக்க உயரமான இடங்களாகக் கோயில் கோபுரங்களே அவருக்குக் கிடைத்தன.

அக்காலத்துப் படங்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய செயற்கைக்கோள் இடங்காட்டிகள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அடித்தளத்தைப் பின்பற்றுகின்றன. உரிய மாற்றக் கணக்கு செய்யாமல் ஒன்றை மற்றொன்றின்மேல் வைத்தால், ஒரே மதகு பல பத்து மீட்டர்கள் முதல் நூற்றுக்கணக்கான மீட்டர்கள் வரை தள்ளித் தோன்றலாம். எனவே ஒத்திசைவின் முதல் படி, அனைவரும் எந்த அடித்தளத்தையும் எந்த அலகையும் பயன்படுத்துகின்றனர் என்று ஒப்புக்கொள்வதாகும். கூத்தாநல்லூர் உள்ளிட்ட காவிரிப் படுகை, யு.டி.எம். முறையில் 44ஆம் வடக்கு மண்டலத்தில் அடங்கும்.

ஒத்திசைவு முறைகள்

பூட்டு முறை

ஒருவர் படத்தைத் திருத்தும்போது மற்றவர் பார்க்கலாம், ஆனால் திருத்த முடியாது. ஆட்டோகேட் மென்பொருளில் ஒருவர் ஒரு படக்கோப்பைத் திறந்தவுடன் அதன் அருகே சிறிய பூட்டுக் கோப்பு ஒன்று உருவாகிறது. அடுத்து திறப்பவருக்குப் படிக்க மட்டுமே அனுமதி கிடைக்கும். நூலகத்தில் ஒருவர் எடுத்துச் சென்ற நூலை அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் எடுக்க முடியாததுபோல் இது செயல்படுகிறது.

இம்முறை எளியது; தொலைந்த திருத்தம் நேராது. ஆனால் கோப்பைத் திறந்துவைத்துவிட்டு ஒருவர் மதிய உணவுக்குப் போய்விட்டால் மற்ற அனைவரும் காத்திருக்க வேண்டும். காத்திருக்க விரும்பாதவர் கோப்பை வேறு பெயரில் சேமித்து வேலை செய்யத் தொடங்குவார். 'இறுதி', 'புதிய இறுதி', 'இறுதி 2' என்ற பெயர்களில் கோப்புகள் பெருகுவது இப்படித்தான்.

அடுக்குகளாகப் பிரிக்கும் முறை

ஒரே பெரிய படத்தைப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவது இம்முறை. சாலை ஒருவருடையது, குடிநீர்க் குழாய் ஒருவருடையது, மின்கம்பி மற்றொருவருடையது. ஒவ்வொருவரும் பிறர் அடுக்கைத் தம் படத்துக்குள் மேற்கோளாக இணைத்துக்கொள்கின்றனர், அதைத் திருத்துவதில்லை. உரியவர் தம் அடுக்கைத் திருத்திச் சேமித்தால் மற்றவர்கள் அதை மீண்டும் ஏற்றிக்கொள்ளும்போது புதிய நிலை தெரியும். கட்டுமானத் துறையில் மிகுதியாகப் பயன்படும் முறை இது.

மையக் கோப்பும் உள்ளூர்ப் படியும்

ரெவிட் போன்ற மென்பொருள்களில் ஒரு மையக் கோப்பு வழங்கியில் இருக்கும். ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒரு படியை வைத்து வேலை செய்து, அவ்வப்போது மையத்துடன் ஒத்திசைப்பர். முழுக் கோப்பும் பூட்டப்படுவதில்லை. ஒருவர் தொட்ட பொருள் மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கும்வரை அவர் கடனாகப் பெற்றதாகக் கருதப்படும்.

பதிப்பு ஒப்பீட்டு முறை

இங்கே யாரையும் தடுப்பதில்லை; ஒவ்வொரு பொருளுக்கும் பதிப்பு எண் இருக்கும். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற உலக வரைபடம் இம்முறையைப் பின்பற்றுகிறது. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இத்திட்டத்தில் யாரும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம். ஒரு வாய்க்காலின் பதிப்பு 12ஐ இருவர் எடுத்துத் திருத்துகின்றனர் எனக் கொள்வோம். முதலில் அனுப்பியவரின் திருத்தம் பதிப்பு 13 ஆகிறது. இரண்டாமவர் 12ஐ அடிப்படையாகக் கொண்ட திருத்தத்தை அனுப்பும்போது வழங்கி அதனை ஏற்காமல், முரண் உள்ளது என்று திருப்பி அனுப்புகிறது. அவர் 13ஐப் பார்த்துத் தம் திருத்தம் இன்னும் பொருந்துமா என முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு தொகுதித் திருத்தத்துடனும் அதற்கான விளக்கக் குறிப்பையும் சேர்க்கலாம்.

நெடும் பணி முறை

ஒரு புதிய மின்பாதையை வடிவமைப்பது பல மாதப் பணி. அதுவரை பொதுப்படத்தைப் பூட்டிவைக்க முடியாது. அரைகுறைத் திட்டத்தைப் பொதுப்படத்தில் காட்டவும் கூடாது. எனவே திட்டத்துக்கெனத் தனிக் கிளைப் பதிப்பு ஒன்று தொடங்கப்படுகிறது. பணி முடிந்தபின் இடைக்காலத்தில் பொதுப்படத்தில் ஏற்பட்ட மாற்றங்களோடு அது ஒப்பிடப்பட்டு, முரண்கள் தீர்க்கப்பட்டு, மூலத்தில் சேர்க்கப்படுகிறது. மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பயன்படுத்தும் புவித் தகவல் அமைப்புகளில் இது வழக்கமான முறை.

உடனடிக் கூட்டுத் திருத்தம்

பலர் ஒரே நேரத்தில் திருத்த, ஒருவர் வரைவது மற்றவர் திரையில் உடனே தெரியும் முறை இது. இதற்கான அடிப்படைகளுள் ஒன்றான செயல் உருமாற்ற முறையை எல்லிஸ், கிப்ஸ் ஆகியோர் 1989இல் வெளியிட்டனர். எந்த வரிசையில் மாற்றங்கள் வந்து சேர்ந்தாலும் எல்லாப் படிகளும் இறுதியில் ஒரே நிலையை அடையும் தரவு வகைகளை மார்க் சாப்பிரோவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் முறைப்படுத்தினர். இணையத் தொடர்பு விட்டுவிட்டு வரும் இடங்களில் இரண்டாவது முறை பெரிதும் பயன்படும். களத்தில் தொடர்பின்றித் திருத்திவிட்டு, ஊருக்குத் திரும்பியபின் ஒத்திசைக்கலாம்.

எல்லாப் படிகளும் ஒரே நிலையை அடைவதாலேயே அந்த நிலை சரியானதென்று ஆகிவிடாது. அனைவரிடமும் ஒரே தவறு இருக்கவும் கூடும்.

ஒன்றிணைத்தலும் முரண் தீர்த்தலும்

மென்பொருள் நிரலாளர்கள் பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு கிட் என்ற கருவியைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். லினசு டோர்வால்டுசு 2005இல் உருவாக்கிய இக்கருவி, உரைக் கோப்புகளை வரிவரியாக ஒப்பிட்டு இருவரின் மாற்றங்களையும் ஒன்றிணைக்கும். ஆனால் பெரும்பாலான வரைபடக் கோப்புகள் வரிகளால் ஆனவை அல்ல. அவற்றில் எது மாறியது என்பதை அக்கருவியால் உணர முடிவதில்லை. ஆகவே வரைபடக் கோப்புகளுக்குப் பூட்டு முறையோ, ஒவ்வொரு பொருளையும் தனிப் பதிவாக வைக்கும் தரவுத்தளமோ தேவைப்படுகிறது.

பொருள்வாரியாக ஒன்றிணைத்தாலும் ஓர் ஆபத்து எஞ்சுகிறது. ஒரு வாய்க்கால் படத்தில் நான்காம் மதகு பழுதடைந்ததால், அதை நீக்கி 200 மீட்டர் மேலே புதிய மதகை ஒருவர் வரைகிறார். அதே வாரம் மற்றொருவர் நான்காம் மதகிலிருந்து தொடங்கும் புதிய 'சி' வாய்க்காலை வரைகிறார். ஒருவர் தொட்டது மதகை. மற்றவர் தொட்டது வாய்க்காலை. இருவரும் ஒரே பொருளைத் தொடாததால் கணினி முரண் எதுவும் காணாமல் இரண்டையும் சேர்த்துவிடுகிறது. விளைவு, தொடக்கம் இல்லாத ஒரு வாய்க்கால். படத்தில் அது அந்தரத்தில் நிற்கும் ஒரு கோடு. தரையில் அது தண்ணீர் வராத வயல்.

இத்தகைய கூட்டுப் பிழைகளைத் தடுக்க, ஒன்றிணைத்த பிறகு வலையமைப்பு விதிகளைச் சோதிக்க வேண்டும். பொதுவான சோதனைகள் வருமாறு:

- ஒவ்வொரு இணைப்பின் இரு முனைகளிலும் கணு உள்ளதா?
- நீக்கப்பட்ட கணுவை எந்த இணைப்பாவது இன்னும் சுட்டுகிறதா?
- தலைப்பிலிருந்து ஒவ்வொரு கடைமுனைக்கும் வழி உள்ளதா?
- ஒரு கணுவிலிருந்து பிரியும் கிளைகளின் மொத்தக் கொள்ளளவு, அதற்கு வரும் அளவைவிட மிகுதியாக உள்ளதா?
- ஒரே பொருள் இரண்டு அடையாள எண்களில் பதிவாகியுள்ளதா?

கடைசிச் சோதனை அடையாள எண்ணைப் பொறுத்தது. பெயர்கள் மாறும், ஒரே வாய்க்காலை இரண்டு ஊரார் இரண்டு பெயர்களில் அழைப்பர். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒருபோதும் மாறாத எண் ஒன்று தரப்பட வேண்டும். நீக்கப்பட்ட பொருளின் எண்ணைப் புதிய பொருளுக்கு மீண்டும் தரக்கூடாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சேர்க்கை எண் ஒருவருக்கு ஒருமுறையே வழங்கப்படுவதுபோல இதனைக் கருதலாம்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

தமிழ்நாட்டில் புலப்படங்களைக் கணினிமயமாக்கத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. இது தாள்களின் ஒளிப்படத்தை மட்டும் சேமிப்பதில்லை. புலப்படத்தில் எழுதப்பட்ட அளவுகளை உள்ளிட்டு அவற்றிலிருந்து படத்தை வரைகிறது. பட்டா, 'அ' பதிவேடு ஆகிய விவரங்களைத் தமிழ் நிலம் மென்பொருள் கையாள்கிறது. இன்று பொதுமக்கள் அரசின் இணையச் சேவைத் தளத்தில் தங்கள் புல எண்ணுக்குரிய பட்டா விவரத்தையும் புலப்படத்தையும் பார்க்க முடிகிறது. முன்பு அலுவலகங்களில் மட்டும் இருந்த படியை உரியவரே பார்க்க முடிவதால், பிழை வெளிப்படும் வாய்ப்பும் கூடியுள்ளது.

ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் தமிழ்நாட்டில் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தின் வழியே செயல்படுத்தப்படுகிறது. 12,525 ஊராட்சிகளை இணைக்கும் இத்தகைய பணியில் சாலை, மின்கம்பம், குழாய், வாய்க்கால் என ஏற்கெனவே உள்ள வலையமைப்புகளைக் கடந்தே வடம் செல்ல வேண்டும்.

2021 அக்டோபர் 13 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் கதி சக்தி தேசியப் பெருந்திட்டம், பல அமைச்சகங்களின் வலையமைப்புப் படங்களை ஒரே தளத்தில் அடுக்குகளாகக் காட்டுகிறது. மேலே கூறிய அடுக்கு முறையின் பெரிய வடிவம் இதுவாகும்.

2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற கைப்பேசிச் செயலி வெளியிடப்பட்டது. நிலத்தைத் தோண்டவிருப்பவர் இடத்தைக் குறிப்பிட்டால், அங்கே நிலத்தடியில் வடமோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் செய்தி செல்லும். ஒருங்கிணைப்பின்றித் தோண்டுவதால் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாக அப்போது அரசு தெரிவித்தது. ஆனால் இச்செயலி நிறுவனங்களின் படங்களைச் சார்ந்தே பயன் தரும். வடத்தின் உண்மையான இடம் நிறுவனத்தின் படத்தில் ஏறாமலிருந்தால், கேட்டுவிட்டுத் தோண்டினாலும் வடம் அறுபடும்.

படமும் தரையும்

படிகளுக்கிடையே ஒத்திசைவு இருந்தாலும், படத்துக்கும் தரைக்கும் இடையே அது இல்லாமற் போகலாம். வடிவமைப்புப் படம் என்ன கட்டப்பட வேண்டும் என்பதைக் காட்டுகிறது. கட்டும்போது பாறையோ மரமோ பழைய குழாயோ குறுக்கிட்டால் பாதை சற்று விலகும். கட்டி முடித்தபின் உள்ளபடி வரையும் படத்தைக் கட்டுமான நிறைவுப் படம் என்பர். பலமுறை விடுபடுவது இதுவே. வேலை முடிந்துவிட்டது, பட்டியல் தொகை வந்துவிட்டது என்றபின் படத்தைத் திருத்த யாரும் அவசரப்படுவதில்லை.

காவிரிப் படுகையில் தரையே ஆண்டுதோறும் மாறுகிறது. வண்டல் படிகிறது, கரை உடைகிறது, வாய்க்கால் ஆக்கிரமிக்கப்படுகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன்னர் கோடைக் காலத்தில் தூர்வாரும் பணிகள் நடைபெறுகின்றன. எந்த வாய்க்காலில் எத்தனை கிலோமீட்டர் தூர்வாரப்பட்டது என்ற விவரம் அதே ஆண்டில் மூலப்படத்தில் ஏறினால்தான் அடுத்த ஆண்டின் திட்டம் சரியாக அமையும்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. சீரமைக்க வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் பணியாளர்கள் வந்தனர். உள்ளூர்ப் பணியாளருக்கு எந்தக் கம்பம் எங்கே நின்றது என்பது நினைவில் இருக்கும். வெளியூரிலிருந்து வருபவருக்குப் படமோ, உடன்வரும் உள்ளூர்க்காரரோதான் துணை. உள்ளூர்க்காரர் மாற்றலாகியும் ஓய்வுபெற்றும் போய்விடுவார் என்பதால், அவர் நினைவில் உள்ளது படத்தில் ஏறியிருப்பது பேரிடர்க் காலத்தில் உயிர் காக்கும் செய்தியாகும். எந்தக் கம்பியில் இன்னும் மின்சாரம் வருகிறது என்பதைத் தவறாகக் காட்டும் படம், படமே இல்லாததைவிடக் கேடானது.

சிறு குழுக்களுக்கான நடைமுறை

விலையுயர்ந்த மென்பொருள் இல்லாத பள்ளி, கல்லூரி, ஊராட்சி, சிறு அலுவலகம் ஆகியவையும் சில எளிய விதிகளால் தங்கள் வரைபடங்களை ஒத்திசைவோடு வைத்திருக்கலாம்.

1. மூலப்படம் ஒன்றே ஒன்று. அது இருக்கும் இடம் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மற்றவை அனைத்தும் படிகள்.
2. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பதிப்பு எண்ணும் தேதியும் அச்சிடப்பட வேண்டும்.
3. திருத்தப் பதிவேடு ஒன்று தேவை. தேதி, திருத்தியவர், திருத்தம், காரணம் ஆகிய நான்கு பத்திகள் போதும்.
4. கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதற்குப் பதிலாக, அது இருக்கும் இடத்தின் இணைப்பை அனுப்ப வேண்டும்.
5. ஒருவர் செய்த திருத்தத்தை வேறொருவர் பார்த்த பின்னரே மூலத்தில் சேர்க்க வேண்டும்.
6. பழைய பதிப்புகளை அழிக்காமல் தனியே வைக்க வேண்டும். தவறு எப்போது நுழைந்தது என்பதை அவற்றைக் கொண்டே அறிய முடியும்.
7. ஆண்டுக்கு ஒருமுறையேனும் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இடத்தை நடந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

வரம்புகள்

எல்லாப் படங்களையும் எல்லோருக்கும் திறந்துவைப்பது இயலாது. மின்நிலையம், தொலைத்தொடர்பு போன்றவற்றின் விரிவான படங்கள் பாதுகாப்புக் காரணங்களால் உரியவர்களுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. எனவே யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் ஒப்புதல் தரலாம் என்ற உரிமைகள் தனித்தனியே வகுக்கப்படுகின்றன.

மேலும், இரு படிகள் முரண்படும்போது எது பழையது, எது புதியது என்பதைக் கணினி காட்டும். எது உண்மை என்பதைக் காட்டாது. அதற்கு அளவுச் சங்கிலியோடோ இடங்காட்டியோடோ ஒருவர் மதகடிக்குச் சென்று பார்க்க வேண்டும். பார்த்து வந்ததைத் தம் குறிப்பேட்டில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அன்றே மூலப்படத்தில் ஏற்றும்போதுதான் ஒத்திசைவு நிறைவு பெறுகிறது.